இத்தாலியப் படையெடுப்பும் இடது பக்கத்து அகப்பையும்

மார்ச் 5, புதன் (சாம்பல் புதன்)

நெற்றியில் பூசிய சாம்பல் இன்னும் உதிரவில்லை. அந்தச் சாம்பல்மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இன்று தொடங்கி இங்கே நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள். என் தங்கை மகன் டெரன்ஸ் நம்பமாட்டான். எதிர்வீட்டுக் கிறேசி நம்பமாட்டாள். பங்குச் சாமியார் பாவசங்கீர்த்தனத்திலேயே நான் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட்டு மீதிக்குத்தான் மன்னிப்பு கொடுக்கிறார். நம்பாதீர்கள். நானும் வற்புறுத்தப்போவதில்லை.

சங்கதி இதுதான். தூத்துக்குடியைச் சேர்ந்த இஞ்ஞாசி பர்னாந்து ஆகிய நான், இன்று காலை பூசை முடிந்த கையோடு இத்தாலி தேசத்தின்மீது போர் அறிவித்திருக்கிறேன்.

காரணம் என் மனைவி பிரகாசி. மகள் மெல்பாவின் பிரசவம் பார்க்க ஜனவரியில் பொலோஞ்ஞா என்ற ஊருக்குப் போனாள். பேரன் பிறந்தான். நாலு கிலோ என்கிறார்கள். போட்டோவில் பார்த்தால் நாற்பதுக்குக் குறையாது. மாப்பிள்ளை எனக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் போடுகிறேன் என்றார். விமானம் என் கனத்தைத் தாங்காது, நடுக்கடலில் இறக்கிவிடுவார்கள், அப்புறம் நான் நீந்தி வரவேண்டும், எதற்கு வம்பு என்று பெருந்தன்மையாக மறுத்துவிட்டேன். துறைமுகத்தில் முப்பது வருடம் உலகத்துக் கப்பல்களையெல்லாம் வரவேற்று வழியனுப்பியவனுக்கு இத்தாலி ஒரு பொருட்டா? (கரையில் நின்று மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். பிரகாசியும் அந்தப் பொறாமைக்காரர்களில் ஒருத்தி.) வேளாங்கண்ணியைத் தாண்டி அறியாத அவள் பறந்தே போய்விட்டாள். குருத்து ஞாயிறு கழிந்து திரும்புவதாக ஏற்பாடு. ஈஸ்டருக்கு வீட்டில் இருப்பாள்.

நேற்று நாலரை மணிக்கு, அவளுக்கு அங்கே நடுமத்தியானம், வழக்கம்போல் போன். சொல்கிறாள்:

"ஏங்க, இங்க கீழ்வீட்டு அம்மா ஒரு குழம்பு வைக்காவ. காலையில அடுப்புல ஏத்தினா மத்தியானம் வரைக்கும் மெதுவா கொதிக்குது. மாடிப்படியெல்லாம் மணக்கு. அத பாஸ்தாவில போட்டுப் பிரட்டித் தாராவ. அடடா! நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க?"

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். நம்ம ஊர்ல இதெல்லாம் எங்க. ஒரு மனுஷிக்கு ஒரு தேசத்தின்மேல் பிடிப்பு எந்த இடத்தில் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். நாக்கில்தான் தொடங்கும். ஆகவே, இத்தாலியில் கிடைத்து இந்த அடுப்படியில் கிடைக்காத பதார்த்தம் என்று ஒன்று ஈஸ்டருக்குள் இந்தப் பூமியில் இருக்கக் கூடாது.

மார்ச் 6, வியாழன்

முதல் போர்.

பாஸ்தா பாக்கெட்டின் முதுகில் எட்டு நிமிடம் வேகவை என்று போட்டிருந்தது. ஒரு மாவுப் பண்டத்துக்கு எட்டு நிமிடம் நான் நின்று காவல் காப்பதா? குக்கரில் போட்டு மூன்று விசில் விட்டேன்.

மூடியைத் திறந்தபோது உள்ளே பாஸ்தா இல்லை. ஒரு ஜந்து இருந்தது. வெள்ளையாக, ஒரே உடம்பாக, மூச்சு விட்டுக்கொண்டு. கரண்டியை விட்டேன், பிடித்துக்கொண்டது. சுவரில் பூசினால் இரண்டு தலைமுறைக்குச் சிமெண்டு வேண்டாம். காக்கைக்கு வைத்தேன். ஒரே ஒரு காக்கை தின்றது. அதற்குப் பிறகு அது கரையவே இல்லை. அலகு ஒட்டிக்கொண்டுவிட்டது.

"என்ன சமைச்சிய?" என்றாள் போனில்.

"பாஸ்தா. அந்த வாசனைக்கு மாதா கோவில் மணி தானா அடிச்சுது தெரியுமா?"

"மணி அடிச்சுதா?"

"கிறேசி சுவரேறிக் குதிச்சு வந்து ஒரு வாய் தாங்க அண்ணேன்னு நின்னா."

பிரகாசி சிரித்தாள். அவள் சிரிப்பு போனில் அரை நொடி தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. சிரிப்பாளா மாட்டாளா என்று தெரியாத அந்த அரை நொடிதான் இன்னும் எனக்குப் பழகவில்லை. மற்றபடி ராஜ வாழ்க்கை.

மார்ச் 7, வெள்ளி

ஒருசந்தி. ஒருவேளைக் கஞ்சி. போர்நிறுத்தம்.

மார்ச் 12, புதன்

இன்று குழம்பு. அவர்கள் அதற்கு ரகூ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டால் தெருவில் விளையாடும் ஒரு பையனைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது.

செய்முறையை எதிரி நாட்டிலிருந்தே தருவித்தேன். பிரகாசி சொன்னாள்: "வெங்காயம், கேரட், செலரின்னு ஒரு தண்டு, மூணையும் பொடிசா நறுக்கி அவசரப்படாம வதக்கணும். பெறவு கொத்துக்கறி. பெறவு தக்காளி. பெறவு சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்கணும்னா?"

"கிண்டிக்கிட்டே நிக்கக் கூடாது. அடுப்பச் சிறுசாக்கிட்டு அது பாட்டுக்கு விட்ரணும். உங்களுக்கு அதுதான் வராது."

தவக்காலத்தில் எங்கள் வீட்டில் கறி கிடையாது. ஆகவே கறிக்குப் பதில் சூரை மீன். நானே கடலில் இறங்கி, பஸ் நீளத்துக்கு ஒரு சூரையோடு மல்லுக்கட்டி வாலைப் பிடித்து இழுத்து வந்தேன் (கால் கிலோ, மார்க்கெட்டில், துண்டு போட்டது). செலரிக்குப் பதில் கீரைத்தண்டு.

இங்கே என் போர்க்களத்தின் பூகோளத்தைச் சொல்லவேண்டும். அடுப்புக்கு இடது பக்கச் சுவரில் ஓர் ஆணி. அதில் அகப்பை. அதன் கீழ்ப் பலகையில் உப்பு, மிளகாய்ப்பொடி, எண்ணெய், சகலமும் இடது பக்கம். பிரகாசி இடக்கைக்காரி. நானோ வலக்கை. இடது கையால் எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். இடது கையில் போன் இருக்கும். சட்டியைப் பிரகாசிக்குக் காட்டவேண்டாமா? ஆகவே ஒவ்வொரு தடவையும் கொதிக்கும் சட்டிக்கு மேலே வலது கையை நீட்டித்தான் அகப்பையை எடுக்கிறேன்.

இன்று நாலரைக்கு முன்பே ஒத்திகை பார்த்தேன். வெசூவியஸ் எரிமலை வெடித்தது. தக்காளிக் குழம்பு ஆகாயத்துக்கு எழும்பி, கூரையில் பட்டு, என் முழங்கைக்குக் கீழே இறங்கியது. சாதாரண மனிதனாக இருந்தால் எலும்பு மட்டும் மிஞ்சியிருக்கும்.

அந்த நேரம் பார்த்து டெரன்ஸ் வந்தான். பேக்கரி வைத்திருக்கிறான், நாற்பது வயசாகிறது, இன்னும் என் டப்பாவில் முறுக்கு தேடுகிறவன்.

"என்ன மாமா, கை பொத்துப் போச்சே! தூரவா தொங்குது அகப்பை? ஒரு ஆணிதான, பிடுங்கி வலப்பக்கம் அடிச்சுத் தாரேன்."

"ஏல, கைய எடு! அது சாதா ஆணின்னா நெனச்ச? டச்சுக்காரன் கப்பல் ஆணி. முன்னூறு வருஷம் கடலுக்கடியில கெடந்தது. அவன் தளபதி தன் சமையலறையில இடது பக்கம்தான் அடிச்சு வச்சிருந்தான். பிடுங்கினா கடல் ஊருக்குள்ள வந்துரும்."

"மாமா, தெருமுனைக் கடையில இத ஒரு டப்பா நெறைய வச்சிருக்கான்."

"போலி. எல்லாம் போலி."

நாலரைக்கு முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு பேசினேன். "என்ன, சமையலுக்குச் சட்டையெல்லாம்?" என்றாள். இத்தாலியில் பெரிய சமையல்காரர்கள் முழுக்கை இல்லாமல் அடுப்பைத் தொடமாட்டார்கள், அங்கே இருந்துகொண்டு உனக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

லசானியா என்று ஒன்று. மாவை அப்பளம்போலத் தேய்த்து, ஓர் அடுக்கு மாவு, ஓர் அடுக்கு குழம்பு, மேலே சீஸ், இப்படி மாடி மேல் மாடி கட்டி ஓவனில் சுடுவது. நான் சூரை மீன் குழம்பு வைத்து ஏழு மாடி கட்டினேன். லிப்ட் மட்டும்தான் வைக்கவில்லை.

மாவுத் தகடுகளைக் காயப்போட இடம் வேண்டுமே. மொட்டைமாடியில் பிரகாசி சேலை காயப்போடும் கொடி சும்மாதான் இருந்தது. அதில் வரிசையாகத் தொங்கவிட்டேன். கீழே தெருவிலிருந்து பார்த்த ஒருவர், "என்ன அண்ணே, கைக்குட்டையா?" என்று கேட்டார். கொடியில் ஏதாவது ஆடினால் வீடு பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஓவனுக்கு டெரன்ஸ். அவனிடம் விறகு அடுப்பு உண்டு. கிறிஸ்துமஸ் வந்தால் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் கேக் மாவும் தட்டுத் தட்டாக அங்கேதான் போகும். தட்டு மாறிப்போகாமல் இருக்க விளிம்பில் பெயர் வெட்டியிருக்கும். எங்கள் வீட்டுத் தட்டில் பிரகாசியின் பெயர். நான் அதை யோசிக்கவில்லை. லசானியாவை அந்தத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெந்ததும் பேக்கரி ஆள் வெளியே எடுத்து, கிறிஸ்துமஸில் கத்துகிற பழக்கத்தில், "பிரகாசியக்கா தட்டு ரெடி!" என்று ஒரு கூவு கூவியிருக்கிறான். கடையில் நின்றவர்கள் காதில் விழுந்தது. தட்டு என் கைக்கு வருவதற்குள் செய்தி தெருவைச் சுற்றி வந்துவிட்டது: பிரகாசி வந்துவிட்டாள்.

கிறேசி மூச்சிரைக்க உள்ளே வந்தாள், கையில் ஒரு டப்பாவோடு.

"எங்க அவ? வந்துட்டாளாமே! ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அண்ணே?"

நான் வாயைத் திறந்தேன். இல்லை என்று சொல்லத்தான் திறந்தேன்.

"குளிக்கப் போயிருக்கா," என்றேன்.

கிறேசி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சொன்னதற்கு ஆதாரம் வேண்டுமே, குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு வந்தேன். தண்ணீர் வாளியில் விழும் சத்தம் கேட்டது.

"எப்படி இருக்கா?"

"கொஞ்சம் வெளுத்திருக்கா. அந்தக் குளிரு."

"மெலிஞ்சிட்டாளா?"

"மெலியவா? கீழ்வீட்டுக்காரி குழம்பு ஊத்தி ஊத்தி வளத்திருக்கா. விமானத்துல ரெண்டு சீட்டு."

கிறேசி சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு தட்டு எடுத்து லசானியா வெட்டி வைத்தேன்; அப்புறம் யோசித்து மூன்றாவது தட்டும் எடுத்து வைத்தேன். கிறேசி தின்று பார்த்தாள். "மேல கருகிட்டு, கீழ வேகல. நடுவுல மீன் நல்லாருக்கு," என்றாள். அப்புறம் பேரனைப் பற்றிக் கேட்டாள். பிரகாசி எப்படி அவனைத் தூக்கிக்கொண்டு தூங்கவைப்பாள் என்று நான் விவரமாகச் சொன்னேன். உள்ளே தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. வீடு வீடாக இருந்தது.

"என்ன, இன்னுமா குளிக்கா?"

"அந்த ஊர் சோப்பு லேசுல போக மாட்டேங்குதாம்."

அதற்குள் வாளி நிரம்பி வழிகிற சத்தம். கிறேசி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்தாள். நேராகக் குளியலறைக்குப் போனாள். குழாய் நின்றது. திரும்பி வந்து, கொண்டுவந்த டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

"பிரகாசிக்குப் பிடிக்குமேன்னு முந்திரிக்கொத்து. தண்ணி வீணாப் போவுது அண்ணே. அவ குளிச்சு முடிச்சதும் சொல்லுங்க, வாரேன்."

அந்த அரை மணி நேரத்தைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 19, புதன் (சூசையப்பர் திருநாள்)

நாலரை மணி. முழுக்கைச் சட்டை. சவரம். சட்டியில் காளான் சாஸ், பளபளவென்று.

"ஏங்க, ஒரு விஷயம்," என்றாள். இந்த மாதிரி அவள் ஆரம்பித்தால் நான் உட்கார்ந்துவிடுவது வழக்கம். நின்றுகொண்டே இருந்தேன்.

"மெல்பா மே மாசம் வேலைக்குத் திரும்பணும். பிள்ளைய யாரு பாக்க? மாப்பிள்ளை விசாவுக்கு எழுதிப் போட்டா நான் இன்னும் ஒரு வருஷம் இருக்கலாமாம். ஏப்ரல் நாலாந்தேதிக்குள்ள முடிவு சொல்லணுமாம்."

"ஓ."

"நான் முடியாதுன்னுதான் சொல்ல வந்தேன். பெறவு யோசிச்சேன். நீங்கதான் நல்லா இருக்கியளே! நான் இருந்தப்பகூட இப்படிச் சாப்பிட்டதில்ல நீங்க. கோவில் மணி அடிக்கு. எதிர்வீட்டுக்காரி சுவரேறிக் குதிக்கா. நான் வந்து அங்க என்ன செய்யப்போறேன்?"

காளான் சாஸ் கொதித்தது. நான் இஞ்ஞாசி பர்னாந்து. கப்பல்களை வழியனுப்பியவன்.

"தாராளமா இரு," என்றேன். "ஒரு வருஷம் என்ன, பேரனுக்குக் கல்யாணத்த முடிச்சுட்டே வா. இங்க எனக்கு ஒரு கொறையுமில்ல."

அரை நொடி. ஒரு நொடி. சிரிப்பு வரவில்லை.

"சரிங்க," என்றாள்.

மார்ச் 20, வியாழன்

சாஸில் உப்பு கூடிவிட்டது. தக்காளியின் குற்றம்.

மார்ச் 23, ஞாயிறு

நேற்று உள்ளதைச் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்து போனை எடுத்தேன். ஆனால் அறுபத்துமூன்று வருடம் பெரிதாகவே திறந்து பழகிய வாய், சின்னதாகத் திறக்கமாட்டேன் என்கிறது.

"பிரகாசி, நீ இல்லாம இங்க வீடு இடிஞ்சு போச்சு. கடல் அடுப்படி வரைக்கும் வந்துட்டு. நான் அலமாரி மேல ஏறி உக்காந்துதான் பேசுதேன். கீழ சுறா சுத்துது."

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மெல்பாவைக் கூப்பிட்டு, "அப்பா சொல்லுதத கேளு, அலமாரி மேல இருக்காவளாம்," என்று இன்னொரு தடவை சிரித்தாள். "நல்லவேளை, மாறவே இல்ல நீங்க," என்று வைத்துவிட்டாள்.

டெரன்ஸிடம் சொன்னேன். அவன் மாவு பிசைந்தபடியே தலையைக்கூடத் தூக்கவில்லை.

"மாமா, நீங்க செத்துப்போனேன்னு போன் பண்ணினாக்கூட அத்தை எத்தன தடவன்னுதான் கேப்பாவ."

மருமகன் என்று ஒருவனுக்கு முறுக்குக் கொடுத்து வளர்த்தால் இதுதான்.

மார்ச் 27, வியாழன்

நாலு நாளாக இத்தாலியின் பக்கம் போகவில்லை. இன்று கத்திரிக்காய் போட்டு ஒரு சாஸ். நன்றாக வந்தது என்று நினைக்கிறேன். பாஸ்தா மிஞ்சியது. ஒரு பாக்கெட்டில் ஓர் ஆளுக்கு எவ்வளவு என்று அந்தத் தேசத்தில் யாருக்கும் அளக்கத் தெரியவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

இன்று நடந்ததை உள்ளபடி எழுத முயற்சி செய்கிறேன். பழக்கமில்லை, கோணல்மாணலாக வந்தால் மன்னிக்கவும்.

பூசை முடிந்து வந்து தக்காளி சாஸை அடுப்பில் ஏற்றினேன். சவரம், குளியல், சட்டை எல்லாம் நாலு மணிக்குமேல் என்று திட்டம். பனியனோடு நின்றேன். மூன்றரை இருக்கும். போன் அடித்தது. டெரன்ஸாக இருக்கும் என்று பார்க்காமலே இடது கையால் எடுத்து அழுத்தினேன். வலது கை அதன் பாட்டுக்குச் சட்டிக்கு மேலே நீண்டு அகப்பையை எடுத்துக்கொண்டிருந்தது.

திரையில் பிரகாசி.

"நீ என்ன இப்பவே? மணி மூன்றரைதான ஆவுது!"

"இங்க இன்னைக்குக் கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வச்சுட்டாவ. வருஷா வருஷம் இப்படித்தானாம். எனக்கு மணி பன்னெண்டு." அப்புறம் நிறுத்தினாள். "ஏங்க. கையில என்ன அது?"

"இதுவா? எரிமலை. வெசூவியஸ்னு..."

"வெளையாடாதீய. கையக் காட்டுங்க."

காட்டினேன். முழங்கைக்குக் கீழே பழைய காயம் கறுத்துக் கிடந்தது. அதன்மேல் புதுசு ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

"அடுப்பக் காட்டுங்க."

போனைத் திருப்பினேன்.

"அகப்பை எங்க தொங்குது?"

"அங்கதான்."

"என் பக்கமா?"

"ஆமா."

"உப்பு?"

"அங்கதான்."

"எண்ணெய்?"

போனைப் பலகைப் பக்கம் இறக்கினேன். அவளுக்கே தெரிந்தது. 

"நீங்க வலக்கை. கொதிக்கிற சட்டிக்கு மேல கைய நீட்டி நீட்டி எடுத்திருக்கிய. நான் வந்த நாள்லேருந்தா?" குரல் ஏறியது. "ஒரு ஆணியப் பிடுங்கி இந்தப் பக்கம் அடிக்க எவ்வளவு நேரம் ஆவும்? டெரன்ஸ்கிட்டச் சொன்னா செய்ய மாட்டானா? கூறு வேண்டாமா ஒரு மனுசனுக்கு?"

டச்சுக் கப்பல் தொண்டைவரை வந்தது. தளபதியும் கூடவே வந்தார். ஆனால் பனியனோடு, சவரம் பண்ணாத முகத்தோடு, ஒரு மணி நேரம் முன்னதாகப் பிடிபட்டவனுக்குப் பொய் சட்டென்று கைகொடுப்பதில்லை.

"மாத்திட்டா, நீ வந்து எங்க தேடுவ?" என்றேன்.

அரை நொடி போயிற்று. அவள் முகம் திரையில் அசையாமல் நின்றது. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். லைன் போகவில்லை. அவள் தோளுக்குப் பின்னால், கட்டிலில், பேரனின் கால் ஆடிக்கொண்டிருந்தது.

"குழம்பு அடிபிடிக்கப் போவுது," என்றாள் கடைசியில். "அடுப்பச் சிறுசாக்குங்க."

வைத்துவிட்டாள்.

மார்ச் 31, திங்கள்

ரவை உப்புமா. மூன்றரைக்குக் கூப்பிட்டாள். பேரனின் ஜலதோஷம் பற்றிப் பேசினோம். கையில் மருந்து போட்டாயிற்றா என்று கேட்டாள். போட்டாயிற்று என்றேன். நாலாந்தேதியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஏப்ரல் 2, புதன்

இன்று மறுபடியும் சூரை போட்டு ரகூ. வெங்காயம், கேரட், தண்டு. அவசரப்படாமல் வதக்கினேன். மீனைப் போட்டேன், தக்காளியை ஊற்றினேன், அடுப்பைச் சிறிதாக்கினேன். அதற்குப் பிறகு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். கிண்டவில்லை. மூடியைத் திறந்து பார்க்கவுமில்லை. போனை எடுத்துக் கூப்பிடலாமா, இன்னும் ஒரு வார்த்தை சொல்லலாமா என்று கை அரித்தது. அதையும் செய்யவில்லை.

மத்தியானம் மூடியைத் திறந்தேன். எண்ணெய் பிரிந்து, ஓரமெல்லாம் கறுஞ்சிவப்பாக, அகப்பையில் எடுத்தால் மெதுவாக வழிந்தது. கோவில் மணி அடிக்கவில்லை. யாரும் சுவரேறிக் குதிக்கவில்லை. நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டுபோய்க் கிறேசிக்குக் கொடுத்தேன். தின்றுவிட்டு, "இது அவ கைப்பக்குவமால்லா இருக்கு," என்றாள். செய்முறை அவள் சொன்னதுதான் என்றேன். "குளிச்சு முடிச்சாளா இல்லையா?" என்று கேட்டாள். நாலாந்தேதி தெரியும் என்றேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஒருசந்தி. கஞ்சிகூட இறங்கவில்லை.

மூன்றரை அடித்தது. போன் வரவில்லை. மூன்றே முக்கால். நாலு. இத்தாலிக்காரர்கள் மறுபடியும் கடிகாரத்தில் கைவைத்துவிட்டார்களோ என்று சந்தேகம். நாலு தாண்டி வந்தது.

"மெல்பாகிட்ட ஒரு சண்டை. அதான் நேரமாயிட்டு," என்றாள்.

"என்ன சண்டை?"

"இருக்க முடியாது, நான் ஊருக்குப் போறேன்னுட்டேன். பிள்ளைக்குப் பக்கத்துல ஒரு காப்பகம் இருக்கு. சாயங்காலம் கீழ்வீட்டு அம்மா பாத்துக்கிடுதேன்னு அவியளே சொல்லிட்டாவ. இவ முகத்தத் தூக்கி வச்சிருக்கா."

"பாவம்ட்டி அவ."

"பாவந்தான். எனக்கு மட்டும் பிள்ளைய விட்டுட்டு வர நல்லாவா இருக்கு?" மூக்கை உறிஞ்சினாள். "அதனால நீங்க ஒண்ணு செய்யுங்க. ஆணிய மாத்திராதீய. இருட்டுல கை வச்சாலும் அது அங்கதான் இருக்கணும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.  

அதற்குள் மெல்பா போனைப் பிடுங்கிவிட்டாள். "அப்பா! ஒரு மாசமா ராஜ விருந்து, கோவில் மணின்னு அளந்துட்டு, கடைசியில ஒரு அகப்பைய வச்சு என் அம்மாவ வாங்கிட்டிய இல்ல?"

"மக்ளே, நான்..."

"ஒண்ணும் பேசாதீங்க. டிசம்பர்ல ரெண்டு பேரும் வாரிய. உங்க பேரன் உங்க முகத்த போன்ல மட்டும் பாத்துக்கிட்டு வளரப்போறானா?"

"விமானம் என் கனத்த..."

"நீந்தி வாங்க."

ஏப்ரல் 15, செவ்வாய்

வாகைகுளம் விமான நிலையத்துக்குப் புறப்படுகிறேன். டெரன்ஸ் வண்டியோடு வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். விமானம் சென்னையிலிருந்து மத்தியானம்தான், இப்போதே எதற்கு மாமா என்கிறான். கப்பல்களை வரவேற்றுப் பழகியவனுக்குத் தெரியும், கரையில் ஆள் முன்னதாக நிற்கவேண்டும்.

கிறேசி காலையிலேயே வந்து குளியலறையில் வாளி நிறைய வெந்நீர் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். தவக்காலம் முடிகிறது. ஒரு கிலோ கொத்துக்கறி சொல்லி வைத்திருக்கிறேன். காலையில் அடுப்பில் ஏற்றினால் மத்தியானம் வரை கொதிக்கும். நான் நறுக்குவேன். அவள் அகப்பையைப் பிடிப்பாள். நான் சும்மா இருப்பேன். போரில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால், இத்தாலி என் காலில் விழுந்து சமாதானம் கேட்டது, பேரனைப் பிணையாக வைத்துக்கொண்டு பிரகாசியைத் திருப்பி அனுப்பியது, இப்படித்தான் ஊரில் சொல்லப்போகிறேன்.

டெரன்ஸ் மறுபடியும் ஹாரன் அடிக்கிறான். கடைசியாக ஒன்று.

ஆரம்பத்திலேயே நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். எரிமலையை நம்பவேண்டாம். பஸ் நீளத்துச் சூரையை, அலகு ஒட்டிய காக்கையை, டச்சுக்காரனை, ஒன்றையும் நம்பவேண்டாம். ஆனால் சின்னதாக ஒன்று உண்டு. கல்யாணமான முதல் வாரம், பிரகாசி இடது கையால் அகப்பையைப் பிடித்துக் குழம்பு கிண்டியதைப் பார்த்து என் அம்மா முகம் சுளித்தாள். இவள் அகப்பையை வலது கைக்கு மாற்றிக்கொண்டாள். குழம்பு தரையெல்லாம் சிந்தியது. அன்று சாயங்காலம் நான் தெருமுனைக் கடையில் ஓர் ஆணி வாங்கி வந்து அடுப்புக்கு இடது பக்கம் அடித்து, அகப்பையை அதில் மாட்டினேன். வலப்பக்கச் சுவர் ஓதம் பிடித்திருக்கிறது, அதில் ஆணி நிற்காது, இனி இந்த வீட்டில் யார் சமைத்தாலும் இந்தப் பக்கம்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். அதுதான் என் முதல் பொய். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு பழகியவை.

சுவர் நன்றாகத்தான் இருந்தது. ஆணி அடித்தது நிஜம். சந்தேகம் இருந்தால் வந்து தொட்டுப் பாருங்கள். இடது பக்கம்.